கினிப்பன்றிகள் கிடைக்கவில்லை என்றேன்

நான் பொய் சொன்னேன். கினிப்பன்றிகள் கிடைத்தன. கிடைக்கவில்லை என்று சொன்னவள் நான்தான்.

உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். கேளுங்கள்.

கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்தில், கருவுற்ற விலங்குகளைச் சுழலும் மேடையில் வைத்து, கூடிய ஈர்ப்பு வயிற்றிலுள்ள கருவை என்ன செய்கிறது என்று பார்த்தோம். எந்த விலங்கு என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். உடலைச் சமநிலையில் வைப்பது உட்காது. கினிப்பன்றிக்கு அது, நமக்குப் போலவே, பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே முதிர்ந்துவிடும். எலிக்கோ பாதி வளர்ச்சி பிறந்த பிறகுதான். எலிக்குக் கேடில்லை என்றால் நமக்கும் இல்லை என்றாகாது. தெரிந்தே எலியைத் தேர்ந்தேன்.

ஏன்? கினிப்பன்றிக் குட்டி கண் திறந்தபடி பிறக்கும். சோதிப்பதற்கு அதைக் கொல்ல வேண்டும்... அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். களனியில் ஒருவர் தருவதற்கு ஆயத்தமாக இருந்தார். அவரிடம் வேண்டாம் என்றுவிட்டு, மற்றவர்களிடம் கிடைக்கவில்லை என்றேன்.

எலிகளில் கேடு எதுவும் தெரியவில்லை. அப்படியே வெளியிட்டோம்.

என் உதவியாளர் சுகந்தி, கொட்டாஞ்சேனைப் பெண். பின்னர் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். அங்கே மனிதரையே சுழலும் கதிரையில் அமர்த்திச் சோதிப்பார்கள், அவளும் ஏறுவாள். ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மிஸ், நான் பிள்ளை உண்டாகியிருக்கிறன். இங்க ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கதிரையில ஏறலாம்தானே? எங்கட எலிகளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

எலியை வைத்து நமக்குச் சொல்ல முடியாது என்றால், பிறகேன் எலி என்று கேட்பாள்...

"ஓம், ஏறலாம். பயப்படாதையும்."

சென்ற கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் அவளுடைய தாயைக் கண்டேன். பேரனைப் பற்றி விசாரித்தேன். விசாரிக்காமல் ஓடிவிடத்தான் நினைத்தேன்.

"சுகமா இருக்கிறான் மிஸ். ஏழு மாசமாகுது, கழுத்து மட்டும் இன்னும் நிக்கேல்லை. சில பிள்ளையளுக்குப் பிந்தும்தானே" என்றார் அவர். பிறகு சிரித்துக்கொண்டே, "அங்க வேலை செய்யிற இன்னொரு பிள்ளையும் இப்ப வயித்தோட. பயப்படாமல் ஏறு, எங்கட மிஸ் சொன்னவ எண்டு சுகந்தி தைரியம் குடுத்திருக்கிறா" என்றார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? தலையாட்டினேன். கீரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சுகந்தியின் இலக்கம் என்னிடம் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை. குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டதென்று சேதி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்...

அந்த மற்றப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.