மிதவைப் பாலத்தைக் கழற்றும் முன்: தென்சைபீரிய மாவட்டம் ஒன்றுக்கு நீனாவைக் கொண்டுசென்ற பயணம்

சென்ற ஆண்டு அக்தோபர் இறுதியில் நான் சைபீரியா சென்று திரும்பியதை அறிந்தவர்கள், சிட்னியின் பென்டில் ஹில் மளிகைக் கடையில் அரிசி மூட்டையைத் தூக்கவிடாமல் என்னை மறித்துக் கேட்கிறார்கள். மலை பார்க்கப் போனீரா? பனி பார்க்கப் போனீரா? இரண்டும் இல்லை. ஒரு பெண்ணை அவள் பிறந்த ஊரில் சேர்க்கப் போனேன். அப்பக்கம் செல்ல எண்ணுவோர் வழிகேட்டு மின்னஞ்சல் அனுப்புவதால் இதை எழுதுகிறேன். மாவட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் குறிப்பிட வேண்டாம் என்று என் நண்பர் கேட்டுக்கொண்டார். மற்றவை நடந்தது நடந்தபடியே.

நண்பர் ரூபன் யாழ்ப்பாணத்தவர். தென்சைபீரியாவின் பர்னவுல் நகரில் மருத்துவம் பயின்றவர். இப்போது மெல்பேர்ணின் டண்டினொங் பகுதியில் மருத்துவர். அவருடைய மனைவி நீனா, பர்னவுலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஆகத்து மாதத்தில் நோயுற்று மறைந்தார். இறுதி நிகழ்வில் இரங்கலுரை ஆற்ற என்னைச் சிட்னியிலிருந்து அழைத்திருந்தார்கள். மேடைக்கு மேடை முழங்கிப் பழகிய நான் அன்றும் முழங்கினேன். மூன்றாம் நாள் நம் வழக்கப்படி எரியூட்டல் முடிந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ரூபன் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, ஒரு உதவி வேணும். நீனாவின்ர அப்பா, மகளை ஊருக்குக் கொண்டுவா, தாய்க்குப் பக்கத்தில வைக்கோணும் எண்டு கேட்டவர். நானும் கொண்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"நல்லதுதானே தம்பி. சாம்பலைக் கொண்டுபோக வேண்டியதுதானே."

"அவருக்கு எரிச்சது தெரியாது, அண்ணை. அந்த ஊரில ஒருத்தரையும் எரிக்கிறேல்லை. சவப்பெட்டி வருது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் எடுக்கிறன், வாய் வருதில்லை. நீங்கள் பக்கத்தில நிண்டால் சொல்லிப்போடுவன்."

"எனக்கு உருசிய மொழி ஒரு சொல்லும் தெரியாதே!"

"நிண்டால் போதும் அண்ணை."

நான் சிட்னியிலிருந்தும் அவர் மெல்பேர்ணிலிருந்தும் பறந்து பாங்காக்கில் சந்தித்தோம். அங்கிருந்து நோவசிபிர்சுக்கு நகருக்கு ஏழரை மணிநேரப் பறப்பு. போகவர எனக்கு ஆன வானூர்திக் கட்டணம் 2,350 ஆசுத்திரேலிய வெள்ளி. நீனா ரூபனின் மடியில் வந்தார். சாம்பல் இருந்தது ஒரு மரப்பெட்டியில்; இரும்பு, செம்பு போன்ற மாழையில் செய்த பெட்டியாக இருந்தால் ஊடுகதிர்ச் சோதனையில் உள்ளே இருப்பது தெரியாது, விடமாட்டார்கள். இறப்புச் சான்றும் எரியூட்டல் சான்றும் உருசிய மொழியாக்கத்தோடு கையில் இருந்தன. சோதனைச் சாவடியில் ஓர் இளம் அலுவலர் தாள்களைப் படித்துவிட்டு, பெட்டியைத் தொடாமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்.

நோவசிபிர்சுக்கிலிருந்து பர்னவுல் 230 கிலோமீட்டர். பர்னவுலிலிருந்து மாவட்டத் தலையூர் மேலும் 180 கிலோமீட்டர். ஆன்திரேய் என்ற ஓட்டுநரின் சிறு வேனை மூன்று நாள்களுக்கு 24,000 ரூபிளுக்குப் பேசினோம். நான் மூன்று கம்பளிச் சட்டைகளுக்கு மேல் ஒரு மேலங்கியும் அணிந்து ஏறியதைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல, ரூபன் பல நாள்களுக்குப் பிறகு சிரித்தார். "இது இன்னும் இலையுதிர்காலம்தானாம் அண்ணை. குளிர் வரேக்க என்ன செய்வீங்கள் எண்டு கேக்கிறார்." பாதி வழியில் ஆன்திரேய் மீண்டும் வினவினார்: "உன் நண்பர் நோவசிபிர்சுக்கில் பேசத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லையே, என்ன விற்கிறார்?" "ஒன்றும் விற்கவில்லை, மேடைப் பேச்சாளர்" என்று ரூபன் சொன்னதாகவும், "அதைத்தான் கேட்டேன்" என்று அவர் விடையிறுத்ததாகவும் அறிந்தேன்.

இனி அந்த மாவட்டத்தின் நிலம். அதை அறியாமல் அங்கு போகாதீர்கள். வடபாதி முழுதும் சமவெளி. தோண்டத் தோண்டக் கரிய மண். கோதுமையும் சூரியகாந்தியும் அறுத்து முடித்த வயல்கள் வானத்தின் விளிம்புவரை கிடந்தன. காற்று மண்ணை அள்ளிச் செல்லாதிருக்க, வயலுக்கு வயல் வெண்பட்டைப் பூர்ச்ச மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். தென்பாதி மலையடிவாரம். அந்த மலைகளின் பனி உருகி வரும் ஆறு மாவட்டத்தைக் குறுக்கே வெட்டுகிறது. தலையூரும் மருத்துவமனையும் வங்கியும் வடகரையில். நீனாவின் ஊரும் இன்னும் சில சிற்றூர்களும் தென்கரையில். இரண்டுக்கும் நடுவே நிலைப்பாலம் இல்லை. இரும்பு மிதவைகளைக் கோத்த பாலம் ஒன்று உண்டு. ஆற்றில் பனிக்கட்டி மிதந்து வரத் தொடங்குமுன் அதைக் கழற்றிக் கரையில் கட்டிவிடுகிறார்கள். பிறகு ஆறு உறைந்து, பனி வண்டியைத் தாங்கும் அளவு தடிக்கும்வரை சில கிழமைகளுக்கு இக்கரை இக்கரைதான், அக்கரை அக்கரைதான். பிள்ளைப்பேறானாலும் சாவானாலும் அவ்வளவே!

நிருவாகத்தையும் சொல்லிவிடுகிறேன். பர்னவுலைத் தலைநகராகக் கொண்ட நிலப்பகுதி நம் மாநிலத்துக்கு ஒப்பானது. அதன்கீழ் 'ராயோன்' எனப்படும் மாவட்டங்கள். மாவட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றங்கள். முன்பு நீனாவின் ஊருக்கும் மன்றம் இருந்தது. விறகுக்கான சான்றும் இடுகாட்டில் இடமும் அங்கேயே கிடைத்தன. ஊரில் ஆள் குறைந்தது. மன்றத்தைக் கலைத்து மாவட்டத்தோடு இணைத்தார்கள். இப்போது தன் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் ஆறடி மண் கேட்கவும் ஒரு கிழவர் 38 கிலோமீட்டரும் ஓர் ஆறும் கடக்க வேண்டும். சிக்கனம் என்று இதற்குப் பெயர்! யாருக்குச் சிக்கனம்? "எங்கட பிரதேச சபை மாதிரித்தான் அண்ணை" என்றார் ரூபன். "ஆனா எங்களுக்கு நடுவில ஆறு இல்லை."

மாவட்ட அலுவலகத்தை அடைந்தபோது பிற்பகல் நான்கு மணி. மாடி அறையில், கண்ணாடி அணிந்த நடுவயதுப் பெண் அலுவலர் ஒருவர் இருந்தார். ரூபன் பேரைச் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கேயும் மறுநாள் ஊரிலும் நடந்த உரையாடல்களை ரூபன் பிறகு மொழிபெயர்த்தபடி தருகிறேன்.

"நிக்கொலாயின் மருமகனா? அவர் போன கிழமையே உழவு இயந்திரத்தில் வந்துபோனார். மனைவிக்குப் பக்கத்தில் இடம் கேட்டார், எழுதிக் கொடுத்துவிட்டேன். சரி, பெட்டி எதில் வருகிறது? பெரிய சரக்குந்து என்றால் பாலம் தாங்காது. இங்கேயே சிறிய வண்டிக்கு மாற்றிவிடுங்கள்."

ரூபன் தம் மார்போடு அணைத்திருந்த பையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நிக்கொலாய்க்குத் தெரியுமா?"

"தெரியாது."

"குழி வெட்டிவிட்டார்களே! மண் இறுகுமுன் வெட்ட வேண்டும் என்று அவசரப்பட்டாரே." எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். "நான் கொடுத்த இடம் கொடுத்ததுதான், அதில் மாற்ற ஒன்றுமில்லை. நாளை மூன்று மணிக்குப் பாலத்தைக் கழற்றுகிறார்கள். போய்ச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள்."

அன்றிரவு தலையூர் விடுதியில் தங்கினோம். அறைக்கு 1,800 ரூபிள், வெந்நீர் உண்டு. காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். பாலத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகந்தான். ஒவ்வொரு மிதவையும் வண்டியின் கீழ் அமிழ்ந்து எழுந்தது. தென்கரையில் தார்ச்சாலை இல்லை. ஊர் என்பது ஒற்றைத் தெரு. பாதி வீடுகளின் சாளரங்களில் பலகை அறைந்திருந்தது. தெருவின் முடிவில் மேடு, மேட்டின்மேல் பூர்ச்சந்தோப்பு, தோப்புக்குள் இடுகாடு.

நீனாவின் தந்தை இடுகாட்டு வாயிலிலேயே நின்றார். நெடிய மனிதர், எண்பதை நெருங்கும் வயது, சலவை செய்த வெள்ளைச் சட்டைக்கு மேல் பழைய மேலங்கி. பின்னால் நான்கு ஆண்கள் தோளில் நீண்ட வெள்ளைத் துணிகளுடன் நின்றார்கள். அத்துணிகளைப் பிடித்துத்தான் பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள். வெட்டுவதும் சுமப்பதும் ஊரார் வேலை. உறவினர் செய்யக் கூடாது.

வண்டி நிற்குமுன்பே அவர் அதன் பின்புறம் சென்றுவிட்டார். தாமே கதவைத் திறந்தார். உள்ளே எங்கள் இரண்டு பைகளும் ஆன்திரேயின் மாற்றுச் சக்கரமும் கிடந்தன. குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு நாங்கள் வந்த சாலையைப் பார்த்தார்.

"அவள் பின்னால் வருகிறாளா?"

ரூபன் இறங்கிப் பெட்டியை இரு கைகளிலும் ஏந்தி நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். "அப்பா, இவள்தான். மூன்றாம் நாளே எரித்துவிட்டோம். எங்கள் வழக்கம் அது. உங்களிடம் சொல்லத் துணிவு வரவில்லை."

கிழவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திரும்பித் தோப்புக்குள் நடந்தார்; நாங்கள் பின்தொடர, குழியருகே குவிந்திருந்த மண்மேட்டில் உட்கார்ந்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவள் எரிக்கச் சொன்னாளா?"

"நான் கேட்கவே இல்லை, அப்பா. அவள் படுக்கையில் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்க என்னால் முடியவில்லை."

நால்வரில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நிக்கொலாய், இதற்கு இவ்வளவு பெரிய குழி வேண்டாம். தாயின் மேட்டோரம் சின்னதாகத் தோண்டிவிடலாம். இதைப் பிறகு மூடிக்கொள்வோம்."

"நான் என் மகளுக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்" என்றார் கிழவர். எழுந்தார். மேலங்கியைக் கழற்றி மனைவியின் கல்லறைச் சிலுவையில் மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கத் தொடங்கினார்.

"தகப்பன் இறங்கக் கூடாது!" என்றார் நால்வரில் ஒருவர்.

"சவப்பெட்டியைத்தான் தகப்பன் தூக்கக் கூடாது. இது சவப்பெட்டியா?"

நால்வரும் விலகி நின்றார்கள். அவர் அடியில் நின்று இரு கைகளையும் உயர்த்தினார். ரூபன் முழந்தாளிட்டுக் கொடுத்தார். வாங்கியவர், கைக்குழந்தையின் எடையைப் பார்ப்பதுபோல் ஒருமுறை உயர்த்தித் தாழ்த்தினார். கிழக்கே ஒருமுறை, மேற்கே ஒருமுறை பார்த்தார். அங்கே இறந்தவரின் தலையை மேற்கே வைப்பார்கள். எழும்போது முகம் ஞாயிற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நாற்புறமும் ஒன்றுபோல் இழைத்த மரப்பெட்டி அது. ரூபன் என்னைத் திரும்பிப் பார்த்து அக்கேள்வியைத் தமிழில் சொன்னார். ஆயிரம் பேர் நடுவே சொல்லுக்குத் திணறாத என் நா அன்று அசையவில்லை. ரூபன் குழிக்குள் கையை நீட்டி, பெட்டியின் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் தடவினார்.

"இங்கே."

கிழவர் அந்தப் பக்கத்தை மேற்கே வைத்தார். சற்றுச் சாய்ந்திருந்ததை நேராக்கினார். பிறகு அவர் மேலே வருவதற்காக நால்வரும் தங்கள் வெள்ளைத் துணியை இறக்கினார்கள். அதைப் பற்றிக்கொண்டு ஏறினார். குழியைக் குறுக்க அவர் ஒப்பவில்லை. முழு நீளத்துக்கும் மண் தள்ளி, ஆள் நீளத்துக்கு மேடு எழுப்பினார்கள்.

வீட்டில் தேனும் உலர்திராட்சையும் கலந்த சோறு கொடுத்தார்கள். நம் சர்க்கரைப் பொங்கலுக்கு அருகில் வரும். ஆன்திரேய் கைக்கடிகாரத்தை இரண்டாம் முறையாகக் காட்டியபோது எழுந்தோம். வாயில்வரை வந்த கிழவர் ரூபனின் மேலங்கிப் பொத்தானைப் போட்டுவிட்டபடி சொன்னார்: "பனி உருகினால் மேடு அமிழும். மண் போட்டு உயர்த்த வேண்டும். அது உறவினர் வேலை, ஊரார் வேலை இல்லை."

இரண்டே முக்காலுக்குப் பாலத்தைக் கடந்தோம். வடகரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இழுவைப் படகுகள் மிதவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரைக்கு இழுப்பதைப் பார்த்து நின்றோம்.

புலம்பெயர்ந்து வாழும் என் தமிழினமே! பிள்ளைக்குப் பள்ளி எது என்று கேட்கிறோம். வீட்டுக் கடனுக்கு வட்டி என்ன என்று கேட்கிறோம். வேற்றினத்து மருமகள் வந்தால் நம் சமையல் பழகினாளா என்று கேட்கிறோம். உனக்கு மண்ணா, நெருப்பா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவள் நம்முள் ஒருத்தியாகிவிட்டாள் என்று மேடையில் முழங்கிவிட்டு நம் நெருப்பை அவளுக்கு வைக்கிறோம். அவ்வாறு முழங்கியவர்களில் நானும் ஒருவன். அன்பு போதும் என்று எண்ணினோம். அன்பு போதாது, தோழர்களே, கேட்கவும் வேண்டும். வாயிருக்கும்போதே கேட்க வேண்டும்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஆசுத்திரேலிய அரசின் பயண அறிவுரை உருசியாவுக்குச் செல்லாதீர் என்றே கூறுகிறது. எங்களுக்குப் பயணக் காப்புறுதி தர எவரும் முன்வரவில்லை. இன்றியமையாத காரணம் இருந்தாலன்றிப் போகாதீர்கள். நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லா. மடிப்பில்லாத அமெரிக்க வெள்ளித் தாள்களைக் கொண்டுசென்று நகரத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நுழைவிசைவுக்கு நிறைய நாள் ஒதுக்குங்கள். ஊர்ப்புறத்தில் கைபேசிக்குத் தொடர்பு இல்லை. உருசிய மொழி அறிந்த ஒருவர் உடன் வருவது கட்டாயம். ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தால் பாலம் கழற்றும் நாளையும் மீண்டும் கோக்கும் நாளையும் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்த நாளை ஆறுதான் முடிவு செய்கிறது. மே மாத இறுதிதான் நல்ல பருவம்: வெள்ளம் வடிந்திருக்கும், பாலம் வந்திருக்கும், மண்ணும் இளகியிருக்கும்.

ரூபன் அப்போதுதான் போகிறார். மண்வெட்டி கொண்டுவர வேண்டாம், வீட்டில் இரண்டு இருக்கின்றன என்று மாமனார் சொல்லியனுப்பியிருக்கிறார்.