முகம் தெரியாத படம்

கடல் கடந்து வந்து சேர்ந்த மனுரேவாவில் மழைக்கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் விக்ரோறியாவைப் போல நேராக ஓரம் அடிக்க ஆளில்லை. அதுதான் வினையாக வந்தது. பழைய அமெரிக்கப் படமொன்றைப் போல எடுக்கும் பெண்கள் தினச் சுவரொட்டிக்கு அவளையே நிறுத்துவதென்று மேலாளர் அம்மா தீர்மானித்துவிட்டாள்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகப் போரில் ஆண்கள் சண்டைக்குப் போக, தொழிற்சாலைகளை நடத்திய பெண்களின் அடையாளம் அது: தலையில் புள்ளி போட்ட சிவப்புத் துணி, மடித்த சட்டைக்கை, முறுக்கிய புயம். இப்போது தேநீர்க் கோப்பையிலும் அவள்தான், கைப்பையிலும் அவள்தான். "அக்கா, நீங்கதான் நம்ம ஹீரோயின்" என்று பக்கத்து மெஷின் அம்புஜம் சீண்டினாள். பாவம், மதுரைக்காரிக்கு என்ன தெரியும்!

விக்ரோறியாவும் போர்க்காலத் தையல்காரிதான். வன்னியில் இயக்கத்தின் தையல் கொட்டிலில், விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடி, அடங்கியதும் திரும்பி வந்து சீருடை தைத்தவள். அவளை யாரும் கோப்பையில் அச்சடிக்கவில்லை, இராணுவத்தினர் தேடித்தான் வந்தார்கள். அவள் தப்பி வந்தாள். கூடத் தைத்த தங்கை ஜனுஷா தடுப்புமுகாம் கண்டு மன்னாருக்குத் திரும்பினாள். இன்றைக்கும் அவள் வாசலுக்குச் சிவில் உடுப்பில் புலனாய்வு ஆட்கள் வந்து, அக்கா எங்கே என்று கேட்கிறார்கள். தெரியாது என்றே அவள் சாதித்து வருகிறாள்.

படம் முகநூலிலும் வரும் என்றதும் விக்ரோறியாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுவருக்குக் காது என்பார்கள், முகநூலுக்கோ ஊரெல்லாம் கண். "முகம் தெரிஞ்சா அங்க தங்கச்சிக்குத்தான் கரைச்சல்" என்றான் கணவன் வின்சென்ற்.

மறுக்கவும் பயம், ஏன் என்று கேட்பார்களே. கடைசியில், வேலை செய்யும்போது பின்னாலிருந்து எடுத்தால் அழகாயிருக்கும் என்று நைசாகச் சொல்லிப் பார்த்தாள். மேலாளரும் சம்மதித்தாள். சிவப்புத் துணி, குனிந்த முதுகு, மெஷின், அவ்வளவுதான் படத்தில். பெயரும் இல்லை. அன்று விக்ரோறியா வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே ஜனுஷாவின் குரல் கைபேசியில் வந்தது.

"அக்கா, ஆரோ பகிர்ந்த படம் கண்டனான். முகம் இல்லாட்டி என்ன? கொட்டிலில உனக்குப் பின் மெஷினில இருந்து உன்ர முதுகைப் பார்த்துப் பார்த்துத்தானே தைச்சனான்."

எத்தனை சந்தோஷம் அந்தக் குரலில்! விக்ரோறியாவின் நினைப்போ அந்தக் கொட்டிலுக்குப் போயிற்று. ஜனுஷாவுக்குப் பின்னாலும் மெஷின்கள் இருந்தன. அவற்றில் இருந்த எவளோ ஒருத்திதான், பிடிபட்ட அன்று, இராணுவத்திடம் இவள் பெயரைச் சொன்னவள்.