தறி வாசித்த ஐந்து பாட்டு

எங்கள் குமாரபாளையத்தில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. நாங்கள் மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தால், வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருவார்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற ஊரில் தொண்டையைத் திறக்காமல் குடும்பம் நடத்த முடியாது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பாடகி ஆகியே தீருவேன் என்று கிளம்பினாள் என் அக்கா மகள் வெண்ணிலா.

பி.காம். முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பேச்சு எங்களைப் போலவே கத்தல்தான். பாட ஆரம்பித்தால் மட்டும் ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு மெல்லிய குரல் வரும். அதை எங்கிருந்து எடுக்கிறாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

அவள் அப்பா வேல்முருகன், என் மச்சான், வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம் வைத்திருக்கிறார். காலையில் உள்ளே போனால் காபிக்கும் சோற்றுக்கும்தான் வெளியே வருவார். மகள் பாடிக்கொண்டிருந்தால் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நல்லா இருக்கிறது என்றோ, நிறுத்து என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள், அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு நிறையவே உண்டு.

"எங்கப்பா ஒருக்கா, ஒரே ஒருக்கா, நல்லாருக்குதுன்னு சொல்லீட்டாப் போதும் மாமா. ஊரு கேக்கலைன்னாலும் பரவால்ல" என்றாள் என்னிடம். அப்போது அவள் கண் கலங்கியிருந்தது. மச்சான் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஐந்து பாட்டை அவளே எழுதி மெட்டுப் போட்டாள். இப்படி நாலைந்து பாட்டாக வெளியிடுவதை இ.பி. என்கிறார்கள், முழு ஆல்பத்துக்குத் தம்பி மாதிரி. பெயர் 'சாயத்தண்ணி'. அவளோடு படித்த பள்ளிபாளையத்துப் பையன் அறிவு கிடார் வாசித்து, பதிவும் செய்தான். அவனும் தறி வீட்டுப் பிள்ளைதான்.

பதிவு நடந்தது பீரோ இருக்கிற அறையில். ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கவிட்டோம். காற்று இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்தினான் அறிவு. சுவர்க்கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றினான். அக்காவைக் குக்கர் வைக்க விடவில்லை. தெருவில் வந்த கீரைக்காரம்மாவை நான் ஓடிப்போய்த் திருப்பி அனுப்பினேன். எனக்கு வந்த இருமலை உயிரைக் கொடுத்து அடக்கினேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி என்று எல்லாருக்கும் ஒரே திருப்தி.

பாட்டு இணையத்தில் ஏறியது. சொந்தக்காரர்கள் கேட்டார்கள், சொந்தக்காரர்களாயிற்றே என்று பாராட்டினார்கள். பிறகு ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து சித்தார்த் என்று ஒருவர் கூப்பிட்டார். புதுப் பாடகர்களுக்கு மேடை ஏற்பாடு செய்கிறவராம்.

"உங்க ட்ரம்மர் யாருங்க? பிரமாதம்! மூணாவது பாட்டு நடுவுல சட்டுனு நிறுத்தறாரு பாருங்க, எனக்கு மூச்சே நின்னு போச்சு. அப்புறம் சரியான எடத்துல வந்து பிடிக்கறாரு!"

'சாயத்தண்ணி'யில் ட்ரம்ஸே கிடையாது. ஆனால் வந்த வாய்ப்பை நழுவவிட எங்கள் வீட்டுப் பெண் என்ன பைத்தியமா?

"எங்கூட்டு ஆளுதானுங்க" என்றாள் கூசாமல்.

"அப்ப மேடைக்கும் கூட்டிட்டு வந்துருங்க."

போனை வைத்துவிட்டு ஐந்து பாட்டையும் போட்டுக் கேட்டோம். கிடாரும் குரலும்தான் இருந்தன. அந்த ஆள் வேறு எவருடைய பாட்டையோ கேட்டிருக்கிறார் என்று அறிவு சத்தியம் செய்தான். இரண்டு நாள் கழித்து மாதாந்திர மின்தடை வந்தது. ஊரில் ஒரு தறிகூட ஓடவில்லை. வெண்ணிலா காதில் இயர்போன் மாட்டினாள். மறு நிமிடம் அலறினாள்.

"மாமா! தறி!"

நானும் வாங்கிக் கேட்டேன். பாட்டுக்குப் பாட்டு, முதலிலிருந்து கடைசி வரை, சடக்கு சடக்கு சடக்கு. கடிகாரத்தை நிறுத்திய புத்திசாலிகள் எங்களில் ஒருவர் காதிலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய தறி விழவில்லை. பிறந்தது முதல் கேட்கிற சத்தத்தைச் சத்தம் என்று யார் நினைப்பார்கள்? அறிவு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

மச்சானிடம் தறி ஓட்டுகிற பாப்பாயிக்கு விஷயம் எட்டியது. "மூணாம் பாட்டுல நிக்குதா? அது செவுத்தோரத்துத் தறி சாமி. நூல் அறுந்துருக்கும், நாந்தான் முடிச்சுப் போட்டு ஓட்டுனேன். என்ற பேரையும் அதுல போடு" என்றாள். நியாயமான கோரிக்கை என்று போட்டுவிட்டோம்: தாளம், பாப்பாயி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயம்புத்தூரில் நிகழ்ச்சி. மச்சான் வரமாட்டேன் என்றார், ஆர்டர் நிற்கிறதாம். அக்கா போட்ட சத்தத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். வெண்ணிலா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ட்ரம்மர் எங்கே என்று சித்தார்த் கேட்டதற்கு, "அந்தம்மாளுக்கு வவுத்து வலிங்க" என்று அறிவு சமாளித்தான்.

கதவெல்லாம் மெத்தை அடித்த குளிர்சாதன அரங்கம். முதல் வரியைப் பாடினாள், இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். பயம் என்று கூட்டம் நினைத்திருக்கும். பயமில்லை. தறி இல்லாத இடத்தில் தன் குரல் எப்படி இருக்கும் என்று அவள் அன்றுதான் முதல்முதலாகக் கேட்கிறாள். இது யார் பாடுவது என்கிற மாதிரி சுற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள். என் பக்கத்தில் மச்சான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கைதட்டல் பலமாகவே இருந்தது. திரும்பி வரும்போது நான் வண்டி ஓட்ட, மச்சான் முன்னால் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் வெண்ணிலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெருந்துறை தாண்டியதும் மச்சான், "மாப்ளே, அந்த மண்ரோட்டுல உள்ளார போயி நிறுத்து" என்றார். தோட்டத்துப் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எஞ்சின ஆஃப் பண்ணு."

பண்ணினேன். அவர் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தார்.

"இத்தன வருசமா உன்ற வாய் அசையறதத்தான் சாமி பாத்துருக்கறேன். இன்னிக்குத்தான் காதுல உளுந்துது. மொதல்லருந்து பாடு."