விருந்தாளி என்று எழுதியவர்

தலைவர் மேடையில் பேசுவதெல்லாம் இவர் எழுதிக் கொடுப்பது. கட்சி ஆபீசில் இவரைப் ‘பேனா’ என்பார்கள். போன தேர்தலில் தோல்வி நிச்சயம் என்றிருந்தபோது, பிழைக்க வந்து குடியேறியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினார்: ‘விருந்தாளி வந்தால் கதவைத் திறப்போம்; வீட்டுச் சாவியையா கொடுப்போம்?’ கூட்டம் ஆர்ப்பரித்தது. தலைவர் ஜெயித்தார்.

எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த தையற்காரம்மாவும் அப்படி வந்தவள்தான். சட்டை கொடுக்க வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “வீட்டு ஓனரு காலி பண்ணச் சொல்லிட்டாருண்ணே. விருந்தாளி எத்தனை நாளைக்கும்மா இருப்பாங்கன்னு கேக்குறாரு. மாசாமாசம் வாடகை குடுக்குற விருந்தாளி நான் ஒருத்திதான்!”

அவள் போனதும் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “ஊருக்கே பேச்சு எழுதுறீங்க. வீட்டுக்காரர்கிட்ட போய் நாலு வார்த்தை பேச வாய் வராதா?”

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். கை கழுவிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “பொம்பளை, தனியா இருக்கா. பாவம் இல்லையா?” என்றார் இவர்.

“பாவம்னு இடம் விட்டவன் பாயைச் சுருட்டிட்டுப் போனான்னு தலைவர் சொன்னாரே!”

“வாடகை ஒழுங்கா குடுக்குறாளே?”

“வாடகை குடுத்தா உரிமை வந்துடுமா? அதையும் அவரே கேட்டாரு. என்னா பேச்சு! யார் எழுதிக் குடுத்தாங்களோ, கெட்டிக்காரன்!”

எதைச் சொன்னாலும் பதில் தயாராக இருந்தது. எதிர்க்கட்சிக்காரன் என்னென்ன கேட்பான் என்று யோசித்து யோசித்து, ஓட்டையெல்லாம் அடைத்தவர் இவர்தானே. “எழுதினது நான்தாங்க. அது ஓட்டுக்காக எழுதினது” என்றார் கடைசியில். வீட்டுக்காரர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வாசலில் சாமான் ஏற்ற வண்டி நின்றது.

“போய்ப் பேசினீங்களாமே, அக்கா சொன்னாங்க” என்றாள் தையற்காரம்மா. “இந்தத் தெருவுல எங்களுக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தாண்ணே.”

“இல்லம்மா, அந்தப் பேச்சு இருக்கே, அது வந்து...”

“அதை விடுங்கண்ணே. மெஷினை அந்தப் பக்கம் பிடிங்க, கால் தரையில இழுக்குது.”

அவர் குனிந்து பிடித்தார். கனமாகத்தான் இருந்தது.