மலை ஏறாத மலைச் சைக்கிள்

வாங்கிப் பல மாதமாகியும் என் மின்சார மலைச் சைக்கிளை நான் கராஜை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. இந்த லட்சணத்தில், சனிக்கிழமை மலைப்பாதைக்கு வருவதாக ஆபீஸ் நண்பர்களிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர்கள் முன்னால் விழுந்தால் மானம் போகுமே என்று முழங்கால் கவசம் வாங்க ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், கடைக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஒவ்வொரு பொருளையும் விரலால் தட்டித் தட்டித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் வாடிக்கையாளர்தான்.

"தம்பி, உந்த டயரை மாத்தாமல் காட்டுக்குள்ள இறங்காதேங்கோ."

பயந்து டயர், ஹேண்டில்பார், சீட் எல்லாமே வாங்கினேன்.

"நீங்க எங்கே ஓட்டுவீங்க அண்ணா?"

"ஓட்டுறதோ? இன்னும் சைக்கிளுக்குச் சாமான் பூட்டி முடியேல்லையே! மேய்ஸ் ஹில் கோயிலில பூசை செய்து, எலுமிச்சம்பழத்துக்கு மேலால உருட்டினதோட சரி."

கடை வாசலில் நின்ற அவர் காரின் பின்னால் தொங்கிய சைக்கிளைப் பார்த்தேன். டயரில் சேறு இல்லை, குங்குமம் இருந்தது. அந்தச் சக்கரம் ஏறி இறங்கிய ஒரே மலை அந்த எலுமிச்சம்பழம். இந்த ஆசாமியா எனக்குக் காட்டைப் பற்றிப் பாடம் எடுத்தது!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் என் கையிலிருந்த பைகளைப் பார்த்தாள்.

"அவர் எலுமிச்சம்பழத்து மேலயாவது ஏத்தியிருக்காரு. நீங்க?"