பிஸ்கட் டின்னில் இருந்த விளம்பரப் பக்கங்கள்

என் மகள் கல்யாணமாகிப் பட்டர்வொர்த்துக்குப் போன பிறகு, போன வருடம்வரை என் வீட்டில் தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் தங்கியதில்லை. ஜார்ஜ்டவுனில் ஃபெரி ஏறினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. அவ்வளவு பக்கத்தில் இருப்பவள் எதற்குத் தங்க வேண்டும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். மாப்பிள்ளை விடமாட்டார் போலிருக்கிறது என்று ஒருமுறை மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

காரணம் மாப்பிள்ளை இல்லை, நான். அது எனக்குத் தெரியவந்தது போன வருடம், எழுபத்து நான்கு வயதில்.

நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம், "இதை வீட்டில் நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். வீட்டில் அதைவிட மோசம்.

எங்களுடையது ஒன்பதாம் மாடியில் சின்ன வீடு. சமையலறைச் சுவரில் சாமி மேடை. அதற்கு எதிரே கழிவறைக் கதவு. இரண்டுக்கும் நடுவே குப்பைத் தொட்டி. குப்பையைக் கீழே கொண்டுபோவது என் வேலை. கல்யாணமான புதிதிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டேன்: "சாமி இருக்கிற வீடு. அந்தச் சாமான் எதுவும் இந்தத் தொட்டியில விழக்கூடாது. வெளிய கொண்டு போயிடு." வெளியே என்றால் எங்கே என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மாதவிடாய்ப் பேட் என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அது 'அந்தச் சாமான்'தான்.

மகளுக்குப் பதினான்கு வயதில் ஒருநாள் கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டது. கீழ்வீட்டுக் கூரையில் நீர் சொட்டியது. பைப் வேலை செய்யும் சீனர் ஒருவர் வந்து, நீண்ட கம்பியை விட்டு இழுத்து, ஊறிப் பெருத்திருந்ததைத் தரையில் போட்டார். "சிக்கு, இது பைப்ல போகாது லா. உள்ள போய் ஊதிடும்" என்றார் அவருடைய கடைவீதி மலாயில். 'சிக்கு' என்றால் ஆசிரியர்; மரியாதையாகத்தான் அழைத்தார். குரலில் குத்தல் ஏதுமில்லை. குத்தியதெல்லாம் நான். அவர் எதிரிலும், ஏறி வந்து நின்ற கீழ்வீட்டுக்காரர் எதிரிலும் மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, "படிக்கிற பிள்ளை செய்யுற வேலையா இது?" என்று கத்தினேன். அவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுத் தொட்டியில போட முடியாது. வேற எங்கதான் போடுவா, நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி. எங்கள் வாழ்க்கையில் அவள் எதிர்த்துக் கேட்ட மிகச் சில கேள்விகளில் அது ஒன்று.

"அது உங்க ரெண்டு பேரு பாடு" என்றேன்.

இத்தனை வருடம் பேசியதில் நான் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்பும் வாக்கியம் அதுதான்.

அதன்பின் குழாய் அடைக்கவில்லை. நானும் அதை மறந்துபோனேன். ஒரே ஒரு தொந்தரவு: நான் வாங்கும் ஆங்கில நாளிதழில் அவ்வப்போது குறுக்கெழுத்துப் பக்கம் காணாமல் போகும். "யாரு எடுத்தது?" என்று சத்தம் போடுவேன். "மீன் ஆய எடுத்தேங்க" என்பாள் மனைவி.

அவள் இறந்து மூன்று வருடமாகிறது. காரியம் முடியும்வரை மகள் தினமும் காலையில் ஃபெரியில் வந்து மாலையில் திரும்பிப் போனாள். தாய் செத்த வீட்டிலும் தங்க மாட்டேன் என்கிறாளே என்று மனதுக்குள் அவளைக் குறை சொன்னேன்.

போன வருடம் எனக்கு புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறுநீர் கட்டுக்குள் வரக் கொஞ்ச நாளாகும், அதுவரை டயப்பர் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மகள் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

கழற்றிய டயப்பர்களை அவள் கண்ணில் காட்ட எனக்கு மனம் வரவில்லை. முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மூன்றாம் நாள் காலை அறையே நாறியது. அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, விடைத்தாள் கொண்டுபோகும் என் பழைய தோல் பையில் எல்லாவற்றையும் திணித்து, மெல்ல நடந்து லிஃப்டில் ஏறினேன். ஐந்தாம் மாடியில், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் ஏறினார்.

"என்ன சார், பையும் கையுமா? மறுபடியும் ஸ்கூல்ல கூப்பிட்டுட்டாங்களா?"

"இல்லண்ணே, சும்மா... பேங்க் வரைக்கும்."

"ஞாயித்துக்கெழம பேங்க்கா! எனக்கும் ஒரு கட்டு எடுத்துட்டு வாங்க லா!"

அவர் சிரித்தார். நான் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வாசனை அவருக்கு எட்டிவிட்டதா என்று அவர் மூக்கையே பார்த்தபடி கீழே வந்தேன். குப்பைக் கொட்டகைக்குப் பத்தடி இருக்கும்போது தலை சுற்றியது. சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். தலையில் ஈரத் துண்டோடு மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, பையில என்ன?"

"பழைய பேப்பர்."

அவள் பையைத் திறந்து பார்த்தாள். மூடினாள். முகம் சுளிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் இப்படித்தான்பா தூக்கிட்டுப் போனேன். புத்தகப் பைக்குள்ள வெச்சு, பஸ் ஸ்டாப் குப்பைத் தோங்ல போடுவேன். அங்க ஆளுங்க நின்னா ஸ்கூல் வரைக்கும் கொண்டு போவேன். ஒருநாள் பஸ்ல பையனுங்க என் பையைத் தூக்கிப் போட்டு வெளாடுனாங்க. அன்னைக்கு எனக்கு உசுரே இல்ல."

நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மா பசார் கூடையில அடியில வெச்சுக் கொண்டு போவாங்க. நான் ஏன் ரெண்டு நாள்ல கெளம்பிடுறேன்னு கேப்பீங்கல்ல? தேதி பாத்துத்தான் வருவேன், தேதி பாத்துத்தான் போவேன். அம்மா காரியத்தப்பவும் அதான். நாப்பத்தி மூணு வயசாச்சு. உங்க வீட்டுல அதை எங்க போடுறதுன்னு எனக்கு இன்னும் தெரியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. உங்கம்மாகிட்டயும் கேட்டிருக்கணும்."

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "மொதல்ல மேல வாங்க. இங்க மயக்கம் போட்டு விழுந்தா உங்களையும் பையையும் நான்தான் தூக்கணும்."

அன்று மத்தியானம் காலால் மிதித்தால் திறக்கும் மூடி போட்ட தொட்டி ஒன்றை வாங்கிவந்து கழிவறைக்குள் வைத்தாள். என் கண் தானாகச் சாமி மேடைப் பக்கம் போனது.

"சாமிக்கு ஒண்ணும் ஆகாது. மூடி இருக்கு" என்றாள்.

பிறகு சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினாள். மனைவி இறந்தபின் அதை நான் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரே அளவில் வெட்டிய நாளிதழ்த் தாள்கள். அலமாரியில் விரிக்க வைத்திருப்பாள் என்று நினைத்து, எறிய மனமில்லாமல் மூடிவைத்துவிட்டேன்.

"பேட் சுத்த அம்மா வெட்டி வெச்சது. எல்லாம் விளம்பரப் பக்கம், பாத்தீங்களா? சாமி படம், செத்தவங்க படம், எதுவும் வந்துடக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் பாத்து வெட்டுவாங்க. அம்மாவுக்கு அதெல்லாம் நின்னு எத்தனை வருஷமாச்சு! அப்புறமும் வெட்டுனது எனக்காக. என்னைக்காவது நான் நாலு நாள் தங்குனா வேணும்னு."

அப்போதுதான் என் குறுக்கெழுத்து எங்கே போனது என்று தெரிந்தது.

டயப்பரை அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, அதன் ஒட்டுப் பட்டையாலேயே ஒட்டி, தாளில் சுற்றிப் பைக்குள் போடச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் பையின் வாயைக் கட்டிக் கீழே கொண்டுபோக வேண்டும். கழிவறைக் குழியில் போடக் கூடாது. மறுசுழற்சித் தொட்டியிலும் போடக் கூடாது. கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

"தூக்கி எறியப் போறதுக்கு ஏன் இவ்வளவு சுத்தணும்?" என்று கேட்டேன்.

"கீழ குப்பை அள்ளுற அக்கா அதைக் கையாலதான் பிரிக்கிறாங்க. அவங்க கையில நம்ம அழுக்குப் படக் கூடாதுல்ல? அம்மா சொன்னது."

கிருமிகளைப் பற்றி எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். குப்பைப் பையைப் பல வருடம் என் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். அதை அடுத்து எந்தக் கை தொடும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் விதிக்குப் பயந்து கூடையில் ஒளித்துக்கொண்டு நடந்தவள் அதையும் யோசித்திருக்கிறாள்.

தொட்டியில் நான் இடம் கொடுக்காதவள் வெட்டிவைத்த தாள்களில் என் டயப்பர்களைச் சுற்றினேன். ஆயர் ஈத்தாமில் அறை வாடகைக்கு, பழைய பியானோ விற்பனைக்கு என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது இருக்கும். வாசித்துவிட்டுத்தான் சுற்றுவேன். சாமி மேடைக்குப் பக்கத்தில் அவள் படம் இருக்கிறது. தினமும் அதன் முன் நின்று நன்றி சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வருவதற்கு இன்னும் சில நாளானது.

ஒன்பதாம் நாள் பையைக் கட்டும்போது, என்னுடையவற்றுக்கு நடுவே சின்னதாக, என்னுடையது அல்லாத ஒரு பொட்டலம் இருந்தது. அதே தாள், அதே மடிப்பு. மகள் ஹாலில் உட்கார்ந்து போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கிளம்பவில்லை. நான் சத்தமில்லாமல் பையின் வாயை இரட்டை முடிச்சாகக் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். கனமே இல்லை.

ஐந்தாம் மாடியில் அதே அண்ணன் ஏறினார்.

"இன்னைக்கு எந்த பேங்க் சார்?"

"குப்பை போடப் போறேண்ணே" என்றேன்.

மகள் இரண்டு வாரமும் இருந்தாள். எனக்கு இப்போது டயப்பர் தேவையில்லை. தொட்டி அதே இடத்தில் இருக்கிறது. போன மாதம் வந்தவள், தேதி எதுவும் சொல்லாமல் ஐந்து இரவுகள் தங்கினாள். டின்னில் தாள் குறைந்துவிட்டது. காலையில் நாளிதழ் வந்ததும் விளம்பரப் பக்கத்தை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, அவள் தாய் வெட்டிய ஒரு தாளை அளவுக்காக அதன்மேல் வைத்து வெட்டுகிறேன். பின்பக்கம் குறுக்கெழுத்து இருந்தால் அதையும் சேர்த்தே வெட்டிவிடுகிறேன்.