பனைமரத்துக்கு மாப்பிள்ளை

போன வாரம் நான் ஒரு பனைமரத்துக்கு மஞ்சள் கயிறு கட்டினேன். மூன்று முடிச்சு. முழு நினைவோடுதான். காய்ச்சல் கிடையாது. வேறு எதுவும் உள்ளே போகவும் இல்லை. காலையில் நாலு இட்லி, ஒரு காபி... அவ்வளவே.

முட்டாள்தனத்தில் இரண்டு ரகம் உண்டு. நாம் சொன்னால்தான் வெளியே தெரியும் என்பது ஒன்று. நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்பது இன்னொன்று. இது இரண்டாவது ரகம். சம்பவ இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்காவது எங்கள் விழுப்புரத்தில் நாத்தனார் இருக்க மாட்டாளா? என் மனைவியின் காதுக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது.

ரிட்டயர் ஆன ஆண்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்கு யோகா. சிலருக்கு ஷேர் மார்க்கெட். எனக்குப் பனை. அபூர்வமான பனை வகைகளை, அவை தானாக முளைத்து நிற்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். தொட்டியில் வளர்த்தது, பூங்காவில் நட்டது எல்லாம் அங்கே செல்லாது. ஒருவர், ஆயுளில் ஒரே ஒரு முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும் தாளிப்பனையைத் தேடிக் கேரளத்துக்குப் போவார். இன்னொருவர், ஆள் உயரம்கூட வளராத சிற்றீச்சைக்காக முள்காட்டில் நுழைந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவார். போட்டோ போடுவார்கள். நான் கட்டைவிரல் போடுவேன். குழுவுக்கு என் பங்களிப்பு அதுதான்.

ஒருநாள் அட்மின் என்னைக் குறிவைத்துக் கேட்டார்: "உங்க மாவட்டத்துல கிளைப்பனை ஒண்ணு இருக்காமே... பார்த்திருக்கீங்களா?"

ரோட்டின் இரண்டு பக்கமும் பனை நிற்கிற ஊர்க்காரனிடம் பனையைப் பற்றிக் கேள்வி! பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? "வீட்டுப் பக்கம்தான் சார்" என்று போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

கிளைப்பனை என்றால் என்ன என்கிறீர்களா? பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் மரமே போச்சு. வேம்பு மாதிரி, புளி மாதிரி கிளை விடுகிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் எங்கோ எப்போதோ ஒரு மரம் மட்டும் பாதி வழியில் மனசு மாறி இரண்டாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொன்றின் உச்சியிலும் தனித்தனித் தலை. ஏன் அப்படி? இடி விழுந்ததாலா... வண்டு குருத்தைக் கடித்ததாலா... பிறவியிலேயே அப்படியா? குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆளுக்கொரு பதில் என்றால் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஊரெல்லாம் நிற்கிற மரத்தில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறதென்றால், பார்க்காமல் தூக்கம் வருமா?

ஆடி மாதம். திண்டிவனம் போகிற பஸ் முழுக்க மஞ்சள் புடவை, வேப்பிலை, கூழுக்குப் போகிற கூட்டம். திண்டிவனத்தில் இறங்கி ஒரு டவுன் பஸ் பிடித்தேன். யாரோ சொன்ன நிறுத்தத்தில் (பெயரைக் கேட்காதீர்கள், காரணம் கடைசியில் தெரியும்) இறங்கி, டீக்கடையில் விசாரித்தேன்.

"விழுப்புரத்துலேர்ந்து வர்றேன். இங்க கிளை ஒண்ணு இருக்காமே, எங்கே?"

"எந்த பேங்க் சார்?"

"பேங்க் இல்லீங்க. பனை. கிளை விட்ட பனை."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார். "கவட்டப் பனையா? அத்தப் பாக்கவா விழுப்புரத்துலேர்ந்து வந்துக்கினு இருக்கீங்க?" கடையில் இருந்த எல்லோரும் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்கள். மரத்தைவிட நான் அபூர்வம் என்று முடிவுகட்டியது தெரிந்தது. "மோட்டார் கொட்டாயத் தாண்டிப் போங்க. பூங்காவனத்தக்கா கொல்லை. ஆனா அந்தக்காவக் கேட்டுக்கினு உள்ள போங்க."

கேட்காமல் போனேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் ஞாபகம் வந்தது — டேப் எடுத்து வரவில்லை. மரத்தின் சுற்றளவு இல்லாத போட்டோவை எங்கள் குழுவில் மதிக்கவே மாட்டார்கள். பெட்டிக்கடையில் நூல் கேட்டேன். "சணல் தீந்துபோச்சு சார். ஆடி மாசத்துல இதான் மூவிங்" என்று ஒரு கண்டு மஞ்சள் கயிற்றை நீட்டினார். கயிறு என்றால் கயிறுதானே? நிறத்தில் என்ன இருக்கிறது?

மரம் வரப்பு ஓரத்தில் நின்றது. முதலில் ஒரே தண்டு. கொஞ்சம் மேலே போய் இரண்டாகி, அதில் ஒன்று மறுபடி இரண்டாகி, இன்னும் மேலே மறுபடி பிரிந்து... மொத்தம் ஐந்து தலை! ஐந்திலும் காய்க்குலை. காற்று அடித்தபோது இரண்டு தலை மட்டும் சலசலத்தன, மற்ற மூன்றும் சும்மா இருந்தன. ஒரே மரம்தான், ஒரே வேர்தான்... ஆனாலும் காற்றைப் பற்றி அவற்றுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம்தான் அடிமரத்தைப் பார்த்தேன். சுற்றிலும் சாணிக் குவியல், மக்கிய வைக்கோல், ஆடு கட்டுகிற முளை. இவ்வளவு அபூர்வமான மரத்துக்கு இதுவா மரியாதை? வேட்டியை மடித்துக் கட்டினேன். சாணி ஒட்டுமே என்று செருப்பைத் தள்ளிக் கழற்றி வைத்தேன். ஓலையை வைத்து அடிமரத்தைச் சுத்தமாகப் பெருக்கினேன். கயிற்றைச் சுற்றினேன். நழுவியது. ஒரு முடிச்சுப் போட்டேன். அப்போதும் நழுவியது. சரி, கெட்டியாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு. ஐந்து தலையும் போட்டோவில் விழ வேண்டுமே... தரையில் படுத்துப் பார்த்தேன், எழுந்து பார்த்தேன், மறுபடி விழுந்தேன். வேலை முடிந்து, கை கழுவ மோட்டார் கொட்டாய்க்குப் போனேன்.

திரும்பி வந்தால் மரத்தடியில் கூட்டம்!

பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்கள். கோயிலுக்குப் போய்வந்த ஒருத்தியின் கூடையிலிருந்து குங்குமம் வெளியே வந்து, கயிற்றுக்குக் கீழே பொட்டாகவும் ஏறிவிட்டது. அடுத்து கற்பூரம்.

"அஞ்சு தலடி! நாகாத்தா! இத்தினி நாளா நம்ம கண்ணுக்குத் தெரில பாரேன்."

"யாரோ பெரியவரு வந்து, செருப்பக் கழட்டிட்டு, கூட்டிப் பெருக்கி, கயிறு கட்டி, விழுந்து விழுந்து கும்பிட்டாரு. நானே பாத்தன்."

அந்தப் பெரியவர் யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

அப்போது வரப்பில் ஒரு பெண் ஓடி வந்தார். கையில் அரிவாள், தலையில் புல்லுக்கட்டு. கட்டைத் தூக்கி எறிந்த வேகத்திலேயே தெரிந்தது, கொல்லைக்காரர் பூங்காவனம். என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் கையில் அரிவாள் இருக்கிற எல்லோரும் எனக்கு அக்கா.

"யோவ்... நீதான் கட்டனியா?" என்னைத் தனியே இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "வேணும்னுதான்யா சாணி கொட்டி வெச்சிருக்கன். வேணும்னுதான் ஆட்டக் கட்டறன். அது சாமியாய்டக் கூடாதுன்னு! அடுத்த ஊர்ல ஒருத்தன் கொல்லையில புத்து ஒண்ணு இருந்திச்சி. எவளோ மஞ்சத் தண்ணி தெளிச்சா. அப்பறம் ஷீட்டு போட்டாங்க. அப்பறம் மைக் செட்டு. இப்ப அவன் கொல்லைக்கு அவனே செருப்பக் கழட்டிட்டுப் போறான். ஏரு ஓட்ட வுட மாட்றாங்க. எனக்கு இருக்கறதே இந்த அரைக்காணி. எங்க வம்சத்துல மொத மொத சொந்தமா வந்த மண்ணு இதான்யா!"

ஒரு கண்டு கயிற்றில் ஒரு குடும்பத்தின் நிலத்தையே கட்டிவிட்டேனா?

"நான் போய் அவுத்துடறேங்க்கா..."

"சாமி கயித்த அவுத்தான்னு உன்னியும் அடிப்பாங்க, என்னியும் அடிப்பாங்க."

"அளவு எடுத்தேன்னு சொல்லிடறேன்."

"அளவெடுக்கறவன் மஞ்சக் கயித்துல மூணு முடிச்சா போடுவான்?"

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். மூணு முடிச்சு என்ற வார்த்தை அவருக்கே ஏதோ யோசனை கொடுத்தது போல என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், கற்பூரத்தக் கீழ வை! சாமியாவது பூதமாவது... இந்தாளுக்குத் தோஷமாம். ரெண்டாந்தாரம் கட்ட சொல்ல மொதல்ல மரத்துக்குத் தாலி கட்டணும்னு ஜோசியர் சொல்லிக்கீறாரு. என் மரந்தான் கெடச்சுதா இந்தாளுக்கு?"

எல்லாக் கண்களும் என் தலைக்கு வந்தன. தலையில் கறுப்பு முடி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடின.

"தோஷம்னா வாழ மரத்துக்குத்தான கட்டுவாங்க?" என்றாள் குங்குமக்காரி.

"இவரு தோஷத்துக்கு வாழ தாங்காதாம்."

"இந்த வயசுலயா கல்யாணம்?"

"அதாண்டி தோஷமே!"

பூங்காவனம் அக்கா என் முதுகில் ஒரு விரலால் குத்தினார். நான் தலையைக் குனிந்து, "ஆமாங்க... செவ்வாய் ரொம்ப உக்கிரமா இருக்கு" என்றேன். முப்பத்து நாலு வருஷம் ஒரே மனைவியோடு குடித்தனம் நடத்திய மனிதன் சொல்லக் கூடிய வாக்கியமா இது? ஆனால் சொன்ன உடனே பலன் தெரிந்தது. கற்பூரம் கூடைக்குள் திரும்பிப் போனது. குங்குமக்காரி கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "தள்ளி வாங்கடி, தோஷம் ஒட்டிக்கப் போவுது!" வரப்பு நெடுகச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்து, "மாப்ளே, பொண்ணு நல்ல உசரம்!" என்றாள்.

அவர்கள் பார்க்கும்போதே அக்கா ஒரு கூடைச் சாணியை அள்ளி அடிமரத்தில் கொட்டினார். பிறகு அரிவாளால் கயிற்றை நாலு துண்டாக அறுத்துப் போட்டார். சுற்றளவு போச்சு. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நம் ஊரில் ஒரு பொருள் அபூர்வமாக இருந்துவிட்டால் அதற்கு இரண்டு கதிதான். ஒன்று கும்பிடுவோம், இல்லாவிட்டால் வெட்டுவோம். சும்மா பார்த்துவிட்டுப் போக நமக்குத் தெரியாது. என்னைப் போன்றவர்கள் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு கதியும் சேர்ந்திருக்கிறது — லொகேஷன் ஷேர் பண்ணுவோம்!

"இவ்வளவு பயம்னா மரத்தையே எடுத்திருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கூட்டுக்காரரும் அத்தான் சொன்னாரு. எதுக்கு வெட்டணும்? அது இன்னா பண்ணிச்சி? அஞ்சு தலையும் காய்க்குது. தெனம் புல்லறுக்க வர சொல்ல ஒரு தபா அண்ணாந்து பாப்பன்." சொல்லும்போதே அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போது ஐந்து தலையும் ஒன்றாக ஆடின.

"ஏன் இப்படிப் பிரிஞ்சுதுன்னு தெரியுமா?"

"நாங்க வாங்க சொல்லவே இப்டித்தான் இருந்திச்சி. நீ படிச்ச ஆளு... உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அந்த ஒரு பதிலுக்குத்தான் அக்கா முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பை நம்பி, நான் வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறவன் என்றும், இதை எழுதலாமா என்றும் கேட்டேன். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு யோசித்தார். எழுதிக்கோ என்றார்.

"மரம் எந்த ஊர்னு கேப்பாங்களே அக்கா... என்னன்னு போட?"

"பாண்டிச்சேரின்னு போடு."